லெஃப்ட் கார்னருக்கு ஆள் இல்லை

என் கடையில் டி.வி. மாட்டியது கபடிக்காக இல்லை. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு போகிறவர்கள் இரண்டு நிமிடம் நின்றால் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸாவது வாங்குவார்கள் என்று நினைத்து மாட்டினேன். ஆனால் சில வருடமாகச் சாயங்காலமானால் அதில் கபடிதான். காரணம் என் தம்பி.

தம்பியை வடக்கே உள்ள ஒரு நகரத்தின் அணி ஏலத்தில் எடுத்தது. ஏலம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். எல்லாரையும் எடுத்து முடித்த பிறகு காலியாக இருந்த ஓர் இடத்தை நிரப்ப எடுத்தார்கள். அவன் ஆடும் இடம் லெஃப்ட் கார்னர். கபடி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏழு பேர் கைகோத்து வளைந்து நிற்பார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் பாடிக்கொண்டு வருவான். அவன் எட்டி ஒரு காலை வைக்கும்போது பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டியது இரண்டு ஓரத்திலும் நிற்கும் கார்னர்களின் வேலை; அவர்களுக்கு உள்பக்கம் நிற்கிறவர்கள் கவர். பிடி நழுவினால் கார்னர் வெளியே போக வேண்டும். என் தம்பி பிடித்தால் நழுவாது. எங்கள் பக்கத்தில் அவன் பிடியைத் தெரியாதவர்கள் இல்லை.

ஆனால் அந்த அணியில் அவனுக்கு முன்னால் ஒரு லெஃப்ட் கார்னர் இருந்தான். ஹரியானாக்காரன், வயதானவன், துணைக் கேப்டன். அவன் விழுந்தால்தான் இவனுக்கு இடம். அவன் விழவில்லை. இரண்டு சீசனில் என் தம்பி களத்தில் நின்ற நேரம் முழுவதையும் நான் ஒரு சட்டி சிப்ஸ் போட்டு அரித்து எடுப்பதற்குள் பார்த்து முடித்துவிடலாம்.

அதைப் பார்க்கத்தான் மூன்று பேர் என் கடைக்கு வருவார்கள். எதிரே லாட்ஜ் நடத்தும் அண்ணாச்சி. இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருக்கும் சார். என் வீட்டுக்காரரோடு படித்த ஆட்டோக்காரர். வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார், அவர் இந்தக் கதையில் இல்லை. இந்த மூன்று பேரும் அந்த நகரத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அணியில் இருக்கிறவர்கள் பெயர் வாயில் நுழையாது. நெட்டையன், மீசைக்காரன், மொட்டையன் என்று இவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். யாருக்கு எந்த முட்டியில் வலி, பாடிப் போனால் புள்ளி எடுத்தே ஆக வேண்டிய டூ-ஆர்-டை ரெய்டில் யார் தடுமாறுவான், யார் கோச்சோடு முறைத்துக்கொண்டு நிற்கிறான், எல்லாம் தெரியும். சொந்த மகன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று அண்ணாச்சியிடம் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும். எப்போதும் ஒரே கவலைதான். ஆள் போதாது.

"லெஃப்ட்டு கார்னர் போயிட்டான்னா நம்ம பையன் இருக்கான். நம்ம பையனும் போயிட்டான்னா யாரு? கவர்ல நிக்கவனத் தூக்கி கார்னர்ல போடுவான். அவன் கால நீட்டுததுக்குள்ள பாடி வந்தவன் டீ குடிச்சிட்டே போயிருவான்," என்பார் சார்.

"பாடிப் போறதுக்கு மட்டும் கூட்டமா வச்சிருக்கான்வே. கல்யாண வீட்டுல அண்டா அண்டாவா பாயசத்தக் காய்ச்சிட்டு, சோத்துக்கு அரிசி போடாத கூறுகெட்டவன்," என்பார் அண்ணாச்சி.

"மொட்டையன் தேறுவானா அண்ணாச்சி?" என்று ஆட்டோக்காரர் கேட்பார்.

"மொட்டையனா? அவன் உக்காந்து உக்காந்து பெஞ்சே தேஞ்சு போச்சு."

சொன்ன உடனே மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த பெஞ்சில் மொட்டையனுக்குப் பக்கத்தில் என் தம்பியும்தான் உட்கார்ந்திருந்தான்.

"நம்ம பையன் கத வேற மதினி. அவன் வெயிட்டிங்குல இருக்கான்," என்பார் ஆட்டோக்காரர்.

நான் சட்டிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு தடவை அண்ணாச்சி குற்றாலநாதர் கோயிலுக்குப் போய், முன்பின் தெரியாத அந்த ஹரியானாக்காரனுக்கு முட்டி விலக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்து, திருநீற்றை என்னிடமும் நீட்டினார். பூசிக்கொள்ளாமல் கல்லாப் பக்கத்தில் வைத்தேன். இதற்குப் பெயர் பாசம் என்று அவர் நினைத்தார்.

இரண்டாவது சீசன் முடிந்து தம்பி ஊருக்கு வந்தபோது ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தான். ஹரியானாக்காரன் இன்னும் ஒரு வருடம்தான், அடுத்த சீசனில் பாதி ஆட்டம் உனக்கு, அதற்கடுத்து நீதான் என்று கோச் அவனிடம் சொல்லியிருக்கிறார். சீசனுக்கு முன்னால் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று அணிகள் அறிவிக்கும். வைத்துக்கொள்ளும் கூட்டத்தில் இவன் உண்டு. ஒரு முழு சீசன் களத்தில் நின்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் கேட்கலாம் என்றும் யாரோ பெரியவர் சொல்லியிருந்தார். கல்லூரியைப் பாதியில் விட்டவன் அவன். போலீஸ் தேர்வில் உயரம் கொஞ்சம் குறைந்ததால் திரும்பி வந்தவன். அந்த இரண்டு கையைத் தவிர அவனிடம் வேறு எதுவும் கிடையாது. எனக்கு இது தெரியும். அவனுக்குத் தெரியும். அந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அணியில் ஒரே ஒரு நிபந்தனை. சீசன் இல்லாத நேரத்தில் அனுமதி இல்லாமல் வெளி ஆட்டம் எதுவும் ஆடக் கூடாது. குறிப்பாக மண்ணில்; டி.வி. ஆட்டமெல்லாம் மெத்தை விரிப்பில்தான்.

ஆடியில் எங்கள் ஊர்க் கொடை வந்தது. கொடை என்றால் அம்மன், கும்பம், வில்லுப்பாட்டு எல்லாம் உண்டு, ஆனால் எங்கள் ஊர் ஆண்களுக்குக் கொடை என்றால் கபடிதான். சுந்தரபாண்டியபுரத்துக்காரர்கள் வருவார்கள். போன வருடம் அவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்த வருடம் எங்கள் ஊர் டீமில் லெஃப்ட் கார்னருக்கு ஆளே இல்லை. முன்பு ஆடினவன் துபாயில் டிரைவர். அவனுக்குப் பிறகு ஆடினவன் திருப்பூருக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தவனுக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது. டி.வி.யில் வடக்கத்தி டீமுக்குப் பேசிய அதே பேச்சை மூன்று பேரும் என் கடையில் உட்கார்ந்து ஊர் டீமுக்குப் பேசினார்கள். பேசிக்கொண்டே என் தம்பியைப் பார்த்தார்கள். அவன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து காய் சீவிக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்த கேட்டுப் பாரு மக்கா. நம்ம ஊரு கொடைன்னு சொல்லு," என்றார் சார்.

"கேட்டாச்சு சார். கூடாதுன்னுட்டாவ."

"அவிய எங்கன இருக்காவ, நாம எங்கன இருக்கோம். சாரல்ல கெடக்க இந்த மண்ண அங்கன இருந்து எட்டிப் பாக்கவா போறாவ?"

நான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். "அண்ணாச்சி, இவன விட்டுருங்க. ஒரு கப்புக்காக இவன் பொழப்புல மண்ண அள்ளிப் போடாதிய."

"ஏட்டி, ஒந்தம்பி எங்களுக்கும் தம்பிதான். அவன் பொழப்புல நாங்க மண்ணப் போடுவோமா? செகண்ட் ஆஃப்ல மட்டும் எறங்கட்டும். நோட்டீஸ்ல பேரு வராது. மைக்குல பேரு வராது. சார்தான மைக்கு. ஒருத்தன் போன எடுக்கப்படாது. நான் பாத்துக்கிடுதேன்."

தம்பி முடியாது என்றான். மறுநாளும் கேட்டார்கள், மறுநாளும் முடியாது என்றான். நான் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். போகும்போது அண்ணாச்சி அவனைப் பார்க்காமல் சாரிடம் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார்.

"விடுங்கவே. மெத்தையில ஆடிப் பழகுன காலு. மண்ணு ஒட்டிச்சின்னா கழுவி விடுததுக்கு ஆளு வேணும்லா."

தம்பி சீவுகட்டையைக் கீழே வைத்தான். இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவனிடம் சொல்லக் கூடிய வார்த்தையா அது? கோச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். ஊர்க்காரன் சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை.

"ஆட்டம் எத்தன மணிக்கு?" என்றான்.

"லேய், ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆட்டத்தன்று சாயங்காலம் சாரல் விட்டுவிட்டு விழுந்தது. களத்தில் மரத்தூள் கொட்டியிருந்தார்கள். நான் கடையை மூடிவிட்டுப் போய்ப் பெண்கள் பக்கத்தில் நின்றேன். முதல் பாதியில் அந்தக் கார்னர் சந்தை வாசல் மாதிரி திறந்து கிடந்தது, சுந்தரபாண்டியபுரத்துக்காரர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். இரண்டாவது பாதியில் எண் இல்லாத பனியனைப் போட்டுக்கொண்டு தம்பி இறங்கினான். கூட்டம் முழுவதற்கும் அவனைத் தெரியும், ஆனாலும் அண்ணாச்சி சொல்லிவைத்தபடி எல்லாரும் தெரியாத மாதிரியே நின்றார்கள். அதைப் பார்க்கச் சிரிப்பாகக்கூட இருந்தது.

கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக வந்தது. அவர்களுடைய பெரிய ஆள் பாடி வந்தான். நல்ல உயரம். கோட்டைத் தாண்டி வந்து காலை ஓர் எட்டு வைத்தான், அவ்வளவுதான். என் தம்பி எப்போது குனிந்தான், எப்போது பிடித்தான் என்று தெரியவில்லை. அந்த ஆள் முகம் குப்புற மரத்தூளில் கிடந்தான். எனக்கும் ஒரு நொடி நெஞ்சு விம்மியது. பொய் சொல்லவில்லை.

அப்போது மைக்கில் சார் அலறினார். "பாத்தியளா! பாத்தியளா அந்தப் பிடிய! டி.வி.யில பாத்த அதே பிடி! நம்ம மண்ணு பெத்த சிங்கம்!" அடுத்து என் தம்பியின் பெயர். அடுத்து அணியின் பெயர். நிறுத்தவில்லை மனுஷன். அவன் அப்பா பெயர், படித்த பள்ளிக்கூடம், தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது, எல்லாவற்றையும் அந்தச் சாரலில் நின்று கத்தினார். அண்ணாச்சி துண்டைத் தூக்கிச் சுற்றினார். தம்பி மட்டும் மைக் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினான், வேண்டாம் வேண்டாம் என்று. அதைக் கூட்டத்துக்குக் கையசைக்கிறான் என்று நினைத்து இன்னும் விசிலடித்தார்கள்.

அதோடு போயிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். மைக் சத்தம் மலையைத் தாண்டாது. அந்தப் பிடியை ஆட்டோக்காரர் போனில் எடுத்திருந்தார். பார்த்து ரசிக்கத்தான் எடுத்தேன் என்றார் பிறகு. அந்த வடக்கத்தி அணிக்கு ரசிகர்கள் கூடிப் பேசுகிற குழு ஒன்று இணையத்தில் இருந்தது. அதில் இவரும் இருந்தார். இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை, ஆனாலும் இருந்தார். இங்கே சிப்ஸ் கடையில் பேசுவதையேதான் அங்கேயும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹரியானாக்காரனுக்கு வயதாகிவிட்டது, அவனுக்குப் பின்னால் ஆள் இல்லை, அந்த மதராஸி பெஞ்சில் உட்கார மட்டும்தான் லாயக்கு என்று அந்த ஊர்க்காரன் ஒருவன் எழுதியிருக்கிறான். இவருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஆள் எப்படி இருக்கிறான் பார், கார்னரைப் பற்றிக் கவலையை விடு என்று எழுதி அந்த வீடியோவைப் போட்டுவிட்டார். சாருடைய அலறலும் அதில் இருந்தது. ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். கை தட்டினார்கள். ஆட்டோக்காரர் விவாதத்தில் ஜெயித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அணியின் மேலாளர் போன் பண்ணினார். தம்பி கடைக்குப் பின்னால் போய் நின்று பேசினான். "எஸ் சார்" என்றான். "சாரி சார்" என்றான். "ஒன் மேட்ச் ஒன்லி சார்" என்றான். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றான். மறுமுனையில் எப்போதோ வைத்துவிட்டார்கள்.

வைத்துக்கொள்கிறவர்கள் பெயர் வந்தபோது இவன் பெயர் இல்லை. ஏலத்திலும் யாரும் கை தூக்கவில்லை. ஒப்பந்தத்தை மீறுகிறவன் என்று ஒரு பேச்சு பரவிவிட்டால், பெஞ்சில் இருந்தவனுக்காக யார் வாதாடுவார்கள்? பெரிய ஆளாக இருந்தால் மன்னித்திருப்பார்கள். சின்ன ஆளை வைத்துத்தான் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். அந்த அணிக்காரர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு பிடிக்காக ஒருவனைத் தூக்கி எறிகிறவர்களுக்கு அவனை வளர்த்தது எந்த மண் என்று தெரிய வேண்டாமா? ஆனால் அவர்கள் சொன்னதை மறைக்கவில்லை. முன்கூட்டியே சொன்னார்கள். பாசம் என்று சொல்லி வந்தவர்கள்தான் எங்களை முடித்தார்கள்.

துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி மூன்று பேரும் வந்தார்கள். தம்பி வீட்டில் படுத்துக் கிடந்தான். கடையில் நான் மட்டும்தான்.

"நம்ம பையனுக்காகத்தான மதினி போட்டேன். கார்னருக்கு ஆளே இல்லன்னு எழுதுதான், எப்படிச் சும்மா இருக்க?" என்றார் ஆட்டோக்காரர். கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே அழுதார். அதனால் என்ன?

அண்ணாச்சி, "எல்லாம் திருஷ்டிதான்ட்டி," என்றார்.

சார் நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "ஆனா மேனேஜ்மெண்ட்டு பண்ணது பெரிய தப்பு. இவனையும் விட்டுட்டா அந்த ஓரத்துக்கு வேற யாரு இருக்கா? ஹரியானாக்காரன் விழுந்தான்னா டீமு என்ன ஆவும்?" என்றார்.

எனக்கு அதுவரை அடங்கியிருந்ததெல்லாம் கிளம்பி வந்துவிட்டது. "சார், எங்க வீட்டுல எழவு விழுந்து கெடக்கு. நீங்க எந்த வீட்டுக்கு ஒப்பாரி வைக்கிய?" என்று கேட்டேன். இன்னும் கேட்டேன், எழுத முடியாததெல்லாம் கேட்டேன். சிப்ஸ் வாங்க வந்த கேரளாக்காரர்கள் வாங்காமலே போய்விட்டார்கள். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அந்தப் பக்கமே வரவில்லை. அண்ணாச்சி தன் லாட்ஜுக்குள் போவதற்குக்கூடப் பின்வாசலைப் பிடித்தார்.

புதிய சீசன் ஆரம்பித்தது. நான் டி.வி.யில் ஏதோ சீரியலைப் போட்டு வைத்திருந்தேன். தம்பிதான் வந்து மாற்றினான். அதே அணி, அதே சட்டை. முதல் நாள் ஆட்டோக்காரர் ரோட்டில் வண்டியிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். இரண்டாம் ஆட்டத்துக்குச் சார் வந்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார். அப்புறம் அண்ணாச்சி. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை. பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தம்பியை வைத்துத்தான் இந்த அணி மேல் இவர்களுக்கு ஒட்டுதல் வந்தது. தம்பி போன பிறகும் அந்த ஒட்டுதல் போகவில்லை. மொட்டையன் எப்படி ஆடுகிறான் என்று தெரியாமல் அவர்களால் தூங்க முடியாது. என்ன ஜென்மங்கள் என்று நினைத்தேன். பிறகு எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று அதே டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை.

தம்பியின் இடத்துக்கு ஒரு புது ஆளை எடுத்திருந்தார்கள். மீசைகூட முளைக்காதவன். இவர்கள் அவனுக்கும் பொடியன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் ஹரியானாக்காரனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பொடியனை இறக்கினார்கள். அவன் இறங்கியதும் ஒரு பிடியை விட்டான். அடுத்ததையும் விட்டான்.

"செத்தான்வே. இவன எவன் எடுத்தான்?" என்றார் அண்ணாச்சி.

மூன்றாவது தடவை பிடித்துவிட்டான். சுத்தமான பிடி. அண்ணாச்சி தொடையில் தட்டினார்.

"தேறிட்டோம்வே! அந்த ஓரத்துக்கு ஆளு வந்தாச்சு!" என்று சத்தம் போட்டவர், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து வாயை மூடினார்.

தம்பி டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கால் நல்லா வருது அவனுக்கு. தோளத்தான் தொறந்து போட்டுட்டு நிக்கான். முன்னால ரெண்டு பிடி போனது அதுலதான். பக்கத்துல நிக்கவன் கையக் கொஞ்சம் கீழ புடிக்கச் சொன்னா சரியாயிரும்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. அந்தப் பையன் காதில் விழும், திருத்திக்கொள்வான் என்று நம்புகிறவன் மாதிரி சொன்னான். சொல்லும்போது அவனுடைய வலது கை தானாக முன்னால் போய், பக்கத்தில் இல்லாத ஒருவனுடைய கையைப் பிடித்து நின்றது.

என்னால் பார்க்க முடியவில்லை. போய் டி.வி.யை அணைத்தேன்.

மூன்று பேரும் எழுந்தார்கள். சார் செருப்பைத் தேடினார்.

"எக்கா," என்றான் தம்பி. "போடு. இன்னும் முடியல."

"என்னத்தலே பாக்கப் போற?"

"போடுக்கா. லெஃப்ட்டு பக்கமாத்தான் அடுத்தவன் வருவான். அவன் என்ன செய்யுதான்னு பாக்கணும்."

போட்டேன். அதற்குள் ரெய்டு முடிந்துவிட்டிருந்தது. பொடியன் களத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். என்ன நடந்தது, பிடி நழுவியதா, பாடி வந்தவன் அதற்கு முன்பே தொட்டுவிட்டானா என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பப் போடுவார்கள் என்று தம்பி காத்திருந்தான். விளம்பரம் வந்தது.